அந்தப் பக்கத்துத் திரை

விண்டோஸ் விசையையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரையோரத்தில் நான்கு தேர்வுகள் வரும். கணினித் திரை மட்டும். டூப்ளிகேட், அதாவது இரண்டு திரையிலும் ஒரே காட்சி. எக்ஸ்டெண்ட், அதாவது இரண்டும் சேர்ந்து ஒரே அகலமான மேசை. இரண்டாவது திரை மட்டும். 2009-இல் விண்டோஸ் 7-உடன் வந்த குறுக்குவழி. மீட்டிங் அறையில் புரொஜெக்டரோடு மல்லுக்கட்டிய எல்லோருக்கும் பழக்கமானது.

ஐடி ஆட்கள் நாம் பெரும்பாலும் எக்ஸ்டெண்ட் போட்டுவிட்டு, ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் பிரவுசர் என்று வேலையைத் தொடங்கிவிடுவோம். இரண்டாவது மானிட்டர் நம்மைப் பார்க்காமல் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரைப் பார்த்துத் திரும்பியிருந்தால் கதை வேறு. தன்னைப் பற்றி எழுதப்படுவதில் அவர் எவ்வளவு பார்க்கலாம் என்பதை அந்த நான்கு தேர்வுகளில் ஒன்று தீர்மானித்துவிடும். எங்கள் தருமபுரிப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு 230 வயதுக்கு மேல் ஆகிறது. அதற்கு முன் மானிட்டரின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இரண்டு திரை, ஒரே ஆள்

1981-இல் வந்த ஐபிஎம் பிசிக்கு இரண்டு விதமான டிஸ்ப்ளே அட்டைகள் கிடைத்தன. ஒன்று ஒற்றை நிறத்தில் எழுத்து மட்டும் காட்டும்; இன்னொன்று வண்ணமும் படமும் காட்டும். இரண்டும் நினைவகத்தில் வேறுவேறு முகவரிகளில் உட்கார்ந்ததால் ஒரே பெட்டியில் இரண்டையும் செருக முடிந்தது. புரோகிராமர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். வண்ணத் திரையில் புரோகிராம் ஓடும், பச்சைத் திரையில் டீபக்கர் அதன் குடலை உருவிக் காட்டும். லோட்டஸ் 1-2-3 வைத்திருந்தவர்கள் ஒரு திரையில் எண்களையும் மறு திரையில் வரைபடத்தையும் பார்த்தார்கள்.

1987-இல் வந்த மேக்கின்டாஷ் 2, இதை எல்லோருக்கும் புரியும்படி ஆக்கியது. கன்ட்ரோல் பேனலில் மானிட்டர்கள் சின்னச் சின்னப் பெட்டிகளாகத் தெரியும். மேசையில் எப்படி வைத்திருக்கிறோமோ அப்படியே இழுத்து வைத்துக்கொள்ளலாம். ஒரு பெட்டியின் தலையில் மெனு பார் குட்டியாக ஒட்டியிருக்கும். அதை எந்தப் பெட்டிக்கு இழுக்கிறோமோ அதுதான் முதன்மைத் திரை. விண்டோஸ் 98 ஒன்பது மானிட்டர்கள் வரை அனுமதித்தது. முதன்மைத் திரையின் இடது மேல் மூலைதான் அங்கே சுழியம். அதற்கு இடப்பக்கம் வைத்த திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் எதிர்மறை எண்.

புரொஜெக்டரை விட்டுவிட்டால், இந்த வரலாறு முழுக்க ஒரே ஒரு நாற்காலிதான். திரைகள் எத்தனை இருந்தாலும் எல்லாம் அதில் உட்கார்ந்தவரையே பார்க்கும். எதிர் நாற்காலிக்காரரை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

கணக்கும் பட்டாவும்

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் பாரமகாலும் ஒன்று. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம். அதை நிர்வகிக்க கிழக்கிந்தியக் கம்பெனி கேப்டன் அலெக்சாண்டர் ரீடை அனுப்பியது. அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை அவர் இந்தப் பகுதியில்தான் வேலை பார்த்தார். தருமபுரியில் தங்கி, தோட்டம் போட்டு, வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

அவர்கள் செய்த காரியம், நிலத்தை வயல் வயலாக அளந்து, தீர்வை போட்டு, சாகுபடி செய்பவரோடு நேராகக் கணக்கு வைத்துக்கொண்டது. இடையில் குத்தகைதாரர் கிடையாது. 1796 வாக்கில் இது ஆண்டுதோறும் செய்யும் ஏற்பாடாக உருவெடுத்தது. 1820-இல் மன்றோ சென்னை ஆளுநரான பிறகு மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவியது. பள்ளிப் பாடத்தில் ரயத்துவாரி என்று மனப்பாடம் செய்தோமே, அதன் சோதனைக்கூடம் எங்கள் ஊர்தான்.

இதில் இரண்டு காகிதங்கள் உண்டு. கிராமக் கணக்கு, கர்ணத்தின் கையில். பட்டா, விவசாயியின் கையில். கணக்கு முழுப் பரப்பு. பட்டா அதில் ஒருவருக்குரிய பகுதி மட்டும். இன்றைய மொழியில் சொன்னால், பட்டாதான் எதிர்ப்பக்கம் திருப்பி வைத்த திரை. பக்கத்து வயல்காரரின் பாக்கி அதில் தெரியாது. தன் பெயர், தன் நிலம், தன் தீர்வை தெரியும். யோசித்துப் பார்த்தால் நல்ல டிசைன்.

ஆனால் படிக்கத் தெரியாதவருக்குக் காட்டிய திரை அது. பட்டாவில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, பெரும்பாலும் அதை எழுதியவரிடமேதான் போய் நிற்க வேண்டும். சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காக விவசாயிகள் சித்திரவதை செய்யப்பட்டதை விசாரித்த ஆணையம் 1855-இல் அறிக்கை கொடுத்தது. சித்திரவதை நடந்தது உண்மை என்றது. கையில் காகிதம் இருந்தும் அது அவர்களைக் காப்பாற்றவில்லை.

கர்ணம் பதவி நெடுங்காலம் பெரும்பாலும் பரம்பரையாகவே தொடர்ந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு அதை ஒழித்தது. அந்த இடத்துக்குத் தேர்வு மூலம் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டமும் நடந்தது. இன்றும் எந்தக் கிராமத்து டீக்கடையிலும் 'யு.டி.ஆர். தப்பு' என்று சொன்னால் புரியும். பெயர் மாறியிருக்கும், பரப்பு குறைந்திருக்கும், பாட்டன் நிலம் அடுத்தவர் பட்டாவில் ஏறியிருக்கும். பலருக்கு இது தெரிய வந்ததே நிலத்தை விற்கப் போன அன்றைக்கு, முப்பது வருடம் கழித்து. எழுதும்போதே பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் திருத்தியிருக்கலாம்.

எதிர்ப்பக்கம் திரும்பிய மானிட்டர்

2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்ளி கிராமத்தில் முதல் ஆதார் எண்கள் வழங்கப்பட்டன. பதிவு மையத்தில் இருக்க வேண்டிய கருவிகளாக அந்தத் திட்டம் கேட்டவற்றில், கைரேகைக் கருவி, கருவிழிக் கருவி, கேமராவோடு தனியாக ஒரு மானிட்டரும் உண்டு. பதிய வந்தவரைப் பார்த்து அது இருக்க வேண்டும். அவர் தன் விவரங்களைச் சரிபார்த்த பிறகே பதிவை முடிக்க வேண்டும். இவ்வளவு பெரிய அளவில் எதிர் நாற்காலிக்கு ஒரு திரை என்று விதியில் எழுதி வைத்தது பெரிய விஷயம். பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் மென்பொருள் தமிழுக்கு மாற்றிக் காட்டும். 'ல'வா 'ள'வா 'ழ'வா என்பதை அந்தப் பெயரோடு பிறந்து வளர்ந்தவர்தான் சொல்ல முடியும்.

விதி எழுதியாயிற்று, மானிட்டரும் வாங்கியாயிற்று. பிறகு? எத்தனையோ விதமான கவுன்டர்களில் நான் நின்றிருக்கிறேன். சிலவற்றில் இரண்டாவது மானிட்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். சிலவற்றில் அதன் மேல் ஃபைல் அடுக்கியிருக்கும். ஒரு சான்றிதழுக்காக அம்மாவோடு போயிருந்தபோது அங்கே இரண்டாவது திரையே இல்லை. "என்னா எழுதியிருக்குதுன்னு ஒருக்கா காட்டு கண்ணு" என்றார் அம்மா. "எல்லாம் கரெக்டாதாம்மா இருக்கும்" என்று பதில் வந்தது. அச்சடித்து வந்ததில் அவர் பெயரின் கடைசி 'ள்', 'ல்' ஆகியிருந்தது. திருத்த இன்னும் மூன்று முறை பஸ் ஏறினோம்.

ஒழுங்காக வேலை செய்யும் எதிர்ப்பக்கத் திரை நம்மூரில் வேறு ஒன்று இருக்கிறது: எலக்ட்ரானிக் தராசு. எடை முன்னாலும் தெரியும், பின்னாலும் தெரியும். கடைக்காரருக்குத் தெரிவது வாங்குபவருக்கும் தெரிய வேண்டும் என்பது எடைக் கருவிகளுக்கான சர்வதேசப் பரிந்துரையிலேயே இருக்கிறது. ரேஷன் கடையில் எழுத்து தெரியாத பாட்டிகூட அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பையை விரிப்பார். அந்தத் திரையில் ஒரே ஒரு விஷயம், பெரிய எழுத்தில். செட்டிங்ஸ் எதுவும் இல்லை.

கணினியில் அதைக் கொண்டுவரக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். கவுன்டர் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் இது எனக்குத் தினப்படி வேலை. டூப்ளிகேட் போட்டால் முந்தைய ஆளின் விவரமும் எதிரே நிற்பவருக்குத் தெரிந்துவிடும். பழைய மானிட்டரின் ரெசல்யூஷனுக்கு நல்ல மானிட்டரும் இறங்கி வர நேரும். வெறும் எக்ஸ்டெண்ட் போட்டால், ஏதோ ஒரு எரர் பெட்டி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சரியான வழி மூன்றாவது. எக்ஸ்டெண்ட் போட்டு, ஊழியரின் திரையை முதன்மையாக்கி, எதிர்ப்பக்கத் திரையில் அந்த ஒருவரின் விவரம் மட்டும் நிரம்பும்படி தனி விண்டோ வைக்க வேண்டும். செட்டிங்ஸில் இரண்டு பெட்டிகளையும் மூலை மட்டும் தொடும்படி இழுத்து வைத்தால் மவுஸ் அந்தப் பக்கம் வழிதவறாது. ஊழியருக்கு 100 சதவீத ஸ்கேல், எதிரே இருப்பவருக்கு 150 அல்லது 175. ஒவ்வொரு மானிட்டருக்கும் தனி ஸ்கேல் வைக்க முடிந்ததே 2013-இல், விண்டோஸ் 8.1-இல்தான். அதுவரை விண்டோஸில் பாட்டிக்காக எழுத்தைப் பெரிதாக்கினால் ஊழியரின் திரையிலும் எல்லாம் வீங்கிவிடும்.

மொத்தம் பத்து நிமிட வேலை. செய்யாமல் விடுவதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

ஒன்றைத் தவிர. 1994 முதல் மானிட்டர்கள் தங்களைத் தாங்களே கணினிக்கு அறிமுகம் செய்துகொள்ள ஒரு தரம் இருக்கிறது. தயாரித்த நிறுவனம், ரெசல்யூஷன், எத்தனை சென்டிமீட்டர் அகலம் என்று எல்லாம் சொல்லும். இரண்டாவது மானிட்டர் இல்லையென்றால் 'சேமி' பொத்தானே வேலை செய்யாது என்று என்னால் நிரல் எழுத முடியும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை மட்டும் எந்த மானிட்டரும் சொல்லாது. அதை ஒரு ஆள் எழுந்து கையால் திருப்பி வைக்க வேண்டும். திருப்பி வைத்திருக்கிறார்களா என்று இந்தப் பக்கம் நிற்கிற நாம்தான் கேட்க வேண்டும்.