ஆல்ஃபிரட் உயர்நிலைப் பள்ளி: காந்தி படித்த பள்ளி அருங்காட்சியகமான வரலாறு

குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் உள்ள ஆல்ஃபிரட் உயர்நிலைப் பள்ளி, சௌராஷ்டிரப் பகுதியின் முதல் ஆங்கிலப் பள்ளியாக 1853-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஜூனாகத் நவாப் கட்டிக்கொடுத்த கட்டடத்துக்கு, விக்டோரியா மகாராணியின் மகனான இளவரசர் ஆல்ஃபிரட்டின் பெயர் சூட்டப்பட்டது.

மகாத்மா காந்தி இங்கு பயின்று, 1887-ல் மெட்ரிகுலேஷன் தேர்ச்சி பெற்றார். ஆய்வாளர் கைல்ஸ் எழுதச் சொன்ன ஐந்து ஆங்கிலச் சொற்களில் ‘கெட்டில்’ என்பதை அவர் பிழையாக எழுதினார். பக்கத்து மாணவரின் பலகையைப் பார்த்து எழுதுமாறு ஆசிரியர் காலால் சைகை காட்டியும் அவர் அவ்வாறு செய்யவில்லை.

தலைமையாசிரியர் டோராப்ஜி எதுல்ஜி கிமி, மேல்வகுப்பு மாணவர்களுக்கு உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கியிருந்தார். ஒரு நாள், மேகமூட்டத்தால் நேரம் தெரியாமல் காந்தி சென்றபோது அனைவரும் கலைந்திருந்தனர். அவர் கூறிய காரணம் ஏற்கப்படாமல் அபராதம் விதிக்கப்பட்டது. வாய்மையை விரும்புபவர் கவனத்துடனும் இருக்க வேண்டும் என அன்று உணர்ந்ததாகச் சுயசரிதையில் அவர் குறிப்பிட்டுள்ளார்.

1971-ல் காந்தியின் பெயர் சூட்டப்பட்ட இப்பள்ளி, 164 ஆண்டுகளுக்குப் பின் 2017-ல் மூடப்பட்டது. அருங்காட்சியகமாக மாற்றப்பட்ட கட்டடத்தை, 2018 செப்டம்பர் 30 அன்று பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். மாணவர்கள் அமர்ந்திருந்த வகுப்பறைகளில் இன்று காந்தியின் வாழ்க்கை காட்சிப்படுத்தப்பட்டுள்ளது.