சப்ரகமுவத் தோட்டங்களிற் கலியாணக் கடன்

தோட்டத் தொழிலாளர் கடனில் மூழ்கியமைக்கு அவர்தம் ஆடம்பரமே காரணம் என்பது பிரித்தானியத் துரைமார் நெடுங்காலம் கூறிவந்த விளக்கமாகும். சாராயமும் திருவிழாவும் கலியாணமும் அவர்கள் வாயில் ஒன்றாகவே வந்தன. இவ்விளக்கம் இலங்கைக்கே உரியதன்று. 1875 இல் பம்பாய் மாகாணத்தின் பூனா, அகமத்நகர் மாவட்டங்களில் உழவர் கிளர்ந்தெழுந்து வட்டிக்காரரின் கடன் பத்திரங்களைக் கொளுத்தினர். அதனை விசாரித்த தக்காணக் கலவர ஆணைக்குழு, உழவர் கடனுக்குக் காரணமாகக் கலியாணச் செலவுக்கு அளவு மீறிய முக்கியத்துவம் கொடுக்கப்பட்டு வந்துள்ளது என்ற முடிவுக்கு வந்தது. சப்ரகமுவத் தோட்டங்களைப் பொறுத்தவரையில் வினாவைத் திருப்பிக் கேட்பதே பொருத்தமாகும். அடகு வைக்க நிலமோ வீடோ இல்லாத நாட்கூலிக்காரனுக்குக் கலியாணம் நடத்தப் பணம் கொடுக்க எவர் முன்வந்தனர்? ஏன் முன்வந்தனர்?

முன்வந்தவன் பெரும்பாலும் கங்காணியே. தமிழகத்திலிருந்து ஆள் திரட்டி வந்தவனும், வேலையிடத்தில் மேற்பார்த்தவனும், பல தோட்டங்களிற் கூலியைக் கையிற் கொடுத்தவனும் அவன்தான். தோட்ட நிருவாகம் கொடுத்த முற்பணத்தையும் செட்டிமாரிடம் வாங்கிய பணத்தையும் அவன் தன் ஆட்களுக்குக் கடனாக வழங்கினான். தொழிலாளி கப்பலேறுமுன்னரே வழிச்செலவு அவன் பெயரிற் கடனாகிவிட்டது. இக்கடனுக்கு ஈடாக இருந்தது அவன் உடலுழைப்பு ஒன்றே. அந்த ஈட்டை எழுத்தில் உறுதிசெய்தது ‘துண்டு’ எனப்பட்ட சீட்டு. இன்ன தொகையைத் தீர்த்தால் இவ்வாளை விடுவிப்போம் என்று தோட்டத்துரை அதில் எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆளைப் பெற்றுக்கொள்ளும். கடன் அங்கும் அவனைத் தொடரும். இதனைக் கடன் என்பதிலும் விலை என்பதே தகும்.

சப்ரகமுவவில் இவ்விலை விரைந்து ஏறிய காலம் இறப்பரின் காலமாகும். மோட்டார் வண்டிகளின் பெருக்கத்தால் உலகச் சந்தையில் இறப்பர் விலை உயர, 1905 ஐ அடுத்த ஆண்டுகளில் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் காடுகள் இறப்பர்த் தோட்டங்களாயின. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1903 இல் யட்டியாந்தோட்டையையும் 1912 இல் இரத்தினபுரியையும் எட்டியது. புதிய தோட்டங்களுக்கு ஆட்கள் உடனடியாகத் தேவைப்பட்டனர். பழைய தோட்டங்களின் ஆட்களைக் கூடுதலான முற்பணங் காட்டி இழுப்பது வழக்கமாயிற்று. துண்டுத் தொகைகள் வளர்ந்தன.

இந்நிலையிற் கலியாணம் கங்காணிக்கு எவ்வகையிற் பயன்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் ‘பென்சு’ எனப்பட்ட சில சதங்கள் அவனுக்குக் கிடைத்தன. எனவே ஆளைத் தன் கூட்டத்தில் நிறுத்துவதே அவன் வருவாய்க்கு அடிப்படை. தனி ஆள் இரவோடிரவாக ஓடிப்போகலாம். லயத்தில் அடுப்பு மூட்டியவன் அவ்வளவு எளிதில் ஓடான். மேலும், மணப்பெண் வந்ததும் செக்ரோலில் ஒரு பெயர் கூடுகிறது. கடனுக்குப் பிடிக்க இன்னுமொரு கூலி கிடைக்கிறது. பெண் வேறொரு கங்காணியின் கூட்டத்தவளாயின், அவள் பெயரிலுள்ள கடனைத் தீர்த்தாலன்றி அவளை அழைத்துவர இயலாது. அதனையும் மாப்பிள்ளையின் கங்காணியே தீர்த்து, மாப்பிள்ளையின் கணக்கில் ஏற்றுவான். தாலி கட்டுமுன்னரே இரு கடன்களுக்கு மணம் முடிந்துவிட்டது எனலாம். வேறு எதற்கும் இறுகிய கை கலியாணத்துக்கு மட்டும் தாராளமாகத் திறந்ததன் காரணம் இதுவே.

இதனாற் கலியாணம் முழுவதையும் கங்காணியின் சூழ்ச்சி என்று கொள்வது பிழையாகும். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை முதலிய பகுதிகளிலிருந்து பெயர்ந்து வந்தோருக்கு, ஊரில் இருந்த முறைமையை மலையில் மீண்டும் நிறுவக் கிடைத்த வேளை அதுவாகும். பரிசம் போடுவதும், தாய்மாமன் சீர் கொண்டுவருவதும், தப்பு முழங்க லயத்து முற்றத்திற் பந்தலிடுவதும், அயல் தோட்டத்து உறவினரை அழைத்துச் சோறிடுவதும் வெறும் ஆடம்பரமல்ல. ஆண்டு முழுவதும் பிரட்டுக்களத்தில் ஓர் எண்ணாக நின்றவன் அன்று மட்டும் உறவுமுறை சொல்லி அழைக்கப்பட்டான். (வாரந்தோறும் கிளப்பிற் கூடிய துரைமார் இதனை வீண்செலவு என்றது வேடிக்கையே.) மொய்யெழுதும் வழக்கம் செலவின் ஒரு பகுதியை ஈடுசெய்தது, ஆனால் மொய்யும் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனே. ஒருவர் வீட்டுக் கலியாணத்தை மற்றவர் விஞ்ச முயன்றதும், அதன் சுமையைப் பெண்ணைப் பெற்றோர் கூடுதலாகத் தாங்கியதும் மறுக்கத்தக்கன அல்ல.

1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. வேலையொப்பந்தத்தை மீறியோரைச் சிறையிடும் விதிகளும் நீங்கின. ஆள் மீதிருந்த பிடி தளர்ந்தது. கடன் வாங்கும் தேவை தளரவில்லை. 1927 இன் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்டு 1929 இல் நடைமுறைக்கு வந்த ஆகக்குறைந்த நாட்கூலி, தாழ்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம்; நடுநிலத் தோட்டங்களில் முறையே 52, 41 சதம். மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் தாழ்நிலத்தில் ஆணுக்குப் பன்னிரண்டரை ரூபாயே வரும். அதில் அரிசிக்கான பிடிப்பும் உண்டு. இறப்பர்த் தோட்டத்தில் 25 நாள் கிடைப்பதும் அரிது. மழை பெய்தாற் பால் வெட்ட இயலாது, இரத்தினபுரியோ மழைக்குப் பேர்போன மாவட்டம். 1930களின் தொடக்கத்தில் இறப்பர் விலை வீழ்ந்தபோது இக்கூலியும் குறைக்கப்பட்டது. இவ்வருவாயில் மீதம் பிடித்துக் கலியாணம் நடத்துமாறு கூறியோர் கணக்கறியாதோர் ஆவர்.

நுவரெலியாவின் பரந்த தேயிலைத் தோட்டங்களைப் போலன்றிச் சப்ரகமுவத் தோட்டங்கள் பல சிங்களக் கிராமங்களின் இடையே சிதறிக் கிடப்பவை. ஆதலாற் கங்காணியின் இடத்துக்குக் கடைக்காரரும் அடகு பிடிப்போரும் வந்தனர். அரிசி, துணி, நகை ஆகியவை கடைக்கணக்கில் ஏறின. தாலிக்கொடி கலியாணத்துக்குச் சில மாதங்களின் பின் அடகுக்குப் போவதும் வழக்கமாயிற்று. ஒரு முரணும் இங்கு உண்டு. கலியாணப் பதிவு கட்டாயமாயிராமையாற் பல கலியாணங்களுக்குச் சான்றிதழே இல்லை. கடனுக்குத்தான் எழுத்து இருந்தது. 1949 இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் மனைவி மக்களின் வதிவையும் காட்ட நேர்ந்தபோதுதான் அவ்வெழுத்தின்மையின் விலை தெரிந்தது.

1975 இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. கங்காணிக் கடன் மறைந்து, சம்பளத்திலிருந்து தவணையாகக் கழிக்கப்படும் தீபாவளி முற்பணமும், வங்கி நகையடகும், நுண்கடன் நிறுவனங்களும் வந்துள்ளன. ஊழியர் சேமலாப நிதியும் இவ்வரிசையிற் சேர்கிறது. 1958 இன் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட அந்நிதி முதுமைக்கானது. 2012 இன் திருத்தத்துக்குப் பின் வீட்டுக்காகவும் மருத்துவத்துக்காகவும் அதில் 30 வீதம் வரை முற்கூட்டியே பெறலாம். கலியாணத்துக்குப் பெற வழியில்லை. ஆனால் ஒரு விலக்கு உண்டு. திருமணத்தின் காரணமாக வேலையை விட்டு விலகும் பெண் தன் சேமிப்பைப் பெற்றுக்கொள்ளலாம். அதற்கு அவள் திருமணச் சான்றிதழைக் காட்டுவதுடன், செக்ரோலிலிருந்து தன் பெயரையும் நீக்கிக்கொள்ள வேண்டும்.