தம் பொருள் காக்கமாட்டாதார்க்குக் காப்பாளர்

சென்ற தை மாதத்தில் எம் பழைய மாணாக்கர் ஒருவர், தம் பாட்டனார் காலத்துப் பாகப்பத்திரம் ஒன்றைக் கொணர்ந்து, அதன் கையெழுத்தைப் படித்துப் பொருள் கூறுமாறு எம்மை வேண்டினார். உடன்பிறந்தார் நால்வருள் மூவர்க்கே நிலம் பகுக்கப்பட்டிருந்தது. மேட்டுக்காடு இன்னார்க்கு, கிணற்றுநீர் முறை இன்னார்க்கு, புளியமரம் இத்துணை இன்னார்க்கு என்று விரித்து எழுதியவர், நான்காமவரைக் கடைசி வரியில்தான் நினைவு கூர்ந்தார். புத்தி சுவாதீனமில்லாத அவர்க்கு மூத்தவர் ஆண்டுதோறும் ஆறு மூட்டை கேழ்வரகும் இரண்டு வேட்டியும் ஒரு கம்பளியும் கொடுத்து வரவேண்டியது என்பதே அவ்வரி. கொடாவிடின் கேட்பவர் யார், முறையிடுவது யாரிடம் என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. தருமபுரிச் சீமையில் நம்மவர் வீட்டுப் பெட்டிகளைத் திறந்தால் இத்தகைய பத்திரங்கள் இன்னும் சில கிடைக்கும் என்றே கருதுகின்றோம்.

எழுதியோரைக் கொடியோர் என்று கூற எமக்கு மனம் வரவில்லை. அவர் காலத்து நீதிநூல் கூறியபடியே அவர் நடந்தனர். மனுவும் யாக்ஞவல்கியரும் குருடர், செவிடர், ஊமையர், பித்தர் முதலியோர்க்குத் தாயபாகம் இல்லை என்று விதித்தனர். (அவை அக்காலச் சொற்கள், இன்று அவ்வாறு வழங்குதல் தகாது.) அவர்க்கு வாழ்நாள் முழுதும் உணவும் உடையும் அளித்தல் பங்கு பெற்றோர் கடன் என்றும், குற்றமற்ற அவர் மக்கட்குப் பங்கு உண்டு என்றும் யாக்ஞவல்கியர் கூறினர். தமிழ்நாட்டில் வழங்கிய மிதாட்சர நெறி இதன்மேல் எழுந்ததே. சோறு உண்டு, உரிமை இல்லை என்பது இதன் சாரம்.

எனினும் பழைய நூலொன்றில் நுட்பமான ஒரு செய்தி உளது. சிறுவர் உரிய வயது எய்துமளவும் அவர் பங்கினைத் தாய்வழிச் சுற்றத்தாரிடமேனும் ஊர்ப் பெரியோரிடமேனும் ஒப்படைக்க வேண்டும் என்கிறது கௌடிலியரது அர்த்தசாத்திரம். தந்தைவழிப் பங்காளியை விடுத்துத் தாய்வழியாரைக் கூறியது ஏன்? அப்பிள்ளை இறப்பின் பங்காளிக்கு நிலம் வரும், தாய்மாமனுக்கு வாராது. காப்பவனுக்கு இழப்பினால் ஊதியம் இருத்தல் ஆகாது என்பது இதன் கருத்துப் போலும்.

இனி ஆங்கிலேயர் காலத்தைக் காண்போம். 1792இல் திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் கைப்பட்டது. ரீடு துரையும், தருமபுரியில் பல்லாண்டு வாழ்ந்த மன்றோ துரையும் நிலத்தை அளந்து குடிகளிடமே தீர்வை வாங்கும் இரயத்துவாரி முறைக்கு வித்திட்டனர். பின்னர் இச்சீமையிற் பல பகுதிகள் மிட்டாக்களாகவும் பகுக்கப்பட்டன. 1804ஆம் ஆண்டு ஐந்தாம் ரெகுலேஷன் சென்னை மாகாணத்தில் கோர்ட்டு ஆவ் வார்ட்ஸ் என்பதனை ஏற்படுத்திற்று. ஜமீன்தார் இறந்து உரியவர் மைனராகவோ, அறிவு நிலையற்றவராகவோ இருப்பின் சருக்காரே அவ்வெஸ்டேட்டைத் தம் மேற்பார்வையில் எடுத்துக்கொள்வர். அன்பு ஒரு காரணமாயினும் ஆகுக. பேஷ்குஷ் பணம் தவறாது வரவேண்டும் என்பது பெரிய காரணம். நான்கு ஏக்கர் பட்டா வைத்திருந்த நம் முன்னோர்க்கு இக்கோர்ட்டு ஒருநாளும் கதவு திறந்ததில்லை.

குடிகட்கும் வழி பிறந்தது 1858ஆம் ஆண்டுச் சட்டங்களாலும், பின்வந்த 1912ஆம் ஆண்டு லூனசிச் சட்டத்தாலும் ஆம். ஜில்லாக் கோர்ட்டார் விசாரணை செய்து, ஒருவர் தம் காரியத்தைத் தாம் நடத்த இயலாதவர் என்று தெளிந்தால், உடலைப் பேணக் கார்டியன் ஒருவரையும் சொத்தைப் பேண மானேஜர் ஒருவரையும் நியமிக்கலாம். அடுத்த வாரிசாக வரக்கூடியவரை, நன்மை பயக்கும் என்று எழுத்தில் காரணம் காட்டியன்றி, உடலுக்குக் கார்டியனாக்கலாகாது என்று 1912ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கலாகாது என்னும் நம் பழமொழியும் இதுவே. கௌடிலியர் எண்ணியதும் இதுவே. ஆயின் தருமபுரி 1965 அக்டோபர் 2ஆம் நாள் தனி மாவட்டமாகும் வரை சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்தது. வக்கீலும் வண்டிச்சத்தமும் கொடுத்துச் சேலம் சென்று வழக்காடியோர் எத்துணைப் பேர் இருந்திருப்பர்?

பங்குரிமையும் மெல்லவே திருந்திற்று. நோயாலோ உறுப்புக் குறையாலோ ஒருவர்க்குப் பங்கு மறுக்கலாகாது என்றது 1928ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் பிறவியிலேயே அறிவு நிலையற்றவரை மட்டும் அது விலக்கி வைத்தது. யாருக்குத் துணை மிகவும் வேண்டுமோ அவரே வெளியில் நின்றார்! 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவே அவரையும் உள்ளே அழைத்தது. மாணாக்கர் கொணர்ந்த பத்திரம் 1928க்கு முற்பட்டது.

இக்காலத்து நிலையை அன்பர்கள் சற்று ஊன்றிக் காணல் வேண்டும். ஏனெனில் மகனோ மகளோ பதினெட்டு வயது நிரம்பியபின், பெற்றோரும் சட்டத்தின் முன் தாமாகவே காப்பாளர் ஆகார். 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையார்க்கு உரியது. கலெக்டர் அங்கம் வகிக்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்துத் தாம் விரும்பும் ஒருவரைக் காப்பாளராக்கலாம். சேலத்து வண்டி வேண்டுவதில்லை. காப்பாளர் ஆறு மாதத்துள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துள் வரவு செலவுக் கணக்கும் கொடுத்தல் வேண்டும். புறக்கணித்தாலும் பொருளைக் கையாடினாலும் அவரை நீக்கலாம்.

மனநோய் உற்றார்க்கு இச்சட்டம் பொருந்தாது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்ற 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொத்துக் காப்பாளரை வைத்திருந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ சிகிச்சைக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை மட்டுமே கூறுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறித்த காரியத்துக்குக் குறித்த காலத்துக்கு மட்டும், அவரது விருப்பத்தைத் தழுவி அவரோடு கலந்து முடிவு செய்யும் வரையறுத்த காப்பாளரை வகுத்தது. நினைவிழந்து கிடப்போர்க்கு இவற்றுள் எதுவும் நேரே பொருந்தாமையின், உயர்நீதிமன்றமே துணை. 2024இல் சென்னை உயர்நீதிமன்றத்து இருவர் அமர்வு அத்தகைய ஒருவர்க்கு அவர் மனைவியைக் காப்பாளராக்கிச் சொத்தை விற்க இசைந்தது. ஆயினும் 50 இலட்சம் ரூபாயைக் கணவர் பெயரிலேயே வைப்பில் இடுமாறு பணித்தது.

நிற்க. பத்திரம் கொணர்ந்த மாணாக்கர்க்கு அறிவு வளர்ச்சி குன்றிய மகள் ஒருத்தி உளள் என்பதும், அவள் பொருட்டே அவர் பழம்பத்திரத்தைத் தேடினார் என்பதும் பின்னரே தெரிந்தன. தருமபுரி மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அவரை அனுப்பினோம். தம் தமையனாரை எழுதுவதா, மனைவியின் தம்பியை எழுதுவதா என்று இரண்டு வாரம் உறங்காதிருந்து, முடிவில் பின்னவரையே எழுதினார். ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டதும் தமையனார், உறவுக்குள் கணக்கா என்று வெகுண்டாராம். தாய்மாமனோ மறுமொழி யாதும் கூறாது, கடைக்குச் சென்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தார்.