தக்க ஆசானைத் தேடிய பாடகி

நம் சமுதாயத்தில் இனிய குரல் வாய்ந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அக்குரலைப் பண்படுத்தும் ஆசானைத் தேடித் தருவது யார் பொறுப்பு? இவ்வினாவுக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றில் விடை காண்கிறோம்.

மரியன் ஆண்டர்சன் அம்மையார் 1897ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் பிறந்தார். ஆறு வயதில் தம் திருச்சபையின் சிறுவர் பாடகர் குழுவில் சேர்ந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் துணி வெளுத்தும் தரை துடைத்தும் மூன்று பெண்மக்களை வளர்த்தார். இசைப்பள்ளி ஒன்றில் சேர விரும்பி மரியன் வரிசையில் நின்றார். பின்னால் நின்றோரெல்லாம் அழைக்கப்பட்டனர். அவருக்கோ, கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்னும் விடையே கிடைத்தது. நாமும் நன்கறிந்த விடையன்றோ அது!

திருச்சபை மக்கள் வாளாவிருக்கவில்லை. மேரி பாட்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகி அவருக்கு முதல் ஆசிரியையானார். பின்னர் போகெட்டி என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் பயிலத் திருச்சபையினர் கச்சேரி நடத்தி நிதி திரட்டினர். புதிய மாணவருக்கு இடமில்லை என்றிருந்த போகெட்டி, ஒரு பாடலைக் கேட்டதும் மனம் மாறினார். மூச்சை ஆளவும், கீழ்க்குரலும் மேற்குரலும் பிசிறின்றி இணையவும் பயிற்றுவித்தார்.

எனினும், ஓர் ஆசிரியரிடமே எல்லாம் கிட்டிவிடுவதில்லை. 1924இல் நியூயார்க்கில் நடந்த கச்சேரியில், பொருளுணராது பாடிய செருமானியப் பாடல்கள் குறைகூறப்பட்டன. மனமுடைந்து பாடுவதையே நிறுத்தியவர், மீண்டும் எழுந்தார். செருமனிக்கே சென்று, ஒரு குடும்பத்தாருடன் தங்கி அம்மொழியைக் கற்றார்.

1939இல் வாசிங்டனில் நிறவெறியால் அரங்கம் மறுக்கப்பட்டபோது, லிங்கன் நினைவகத்தின் முன் ஏறத்தாழ 75,000 மக்களிடையே பாடினார். 1955இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் இசைநாடக அரங்கில் பாடிய முதல் கறுப்பினப் பெண்மணி அவரே. 1941இல் தம் நகரம் பரிசாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு இளம் பாடகர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். தாம் பெற்றதைப் பின்வருவோருக்குத் திருப்பித் தந்தார்.

இளைஞர்களே! ஏழை மக்கள் சேர்த்த சில்லறைக் காசுகளே அந்த ஆசிரியரின் கதவைத் திறந்தன. வெள்ளி விழாக் காணும் நம் சங்கமும் பாடநூலோடு நின்றுவிடலாகாது. இசை நாட்டமுள்ள பிள்ளை எத்தெருவில் இருப்பினும் கண்டறிந்து, தக்க ஆசானிடம் சேர்ப்பித்தலையும் நம் கல்விப் பணியாகக் கொள்வோமாக.