வயதும் மழையும்: கெளுத்தி இனப்பெருக்க ஆய்வின் வரலாறு

கண்ணாடித் தொட்டியில் கெளுத்தி வளர்ப்போர் பெரும்பாலும் எழுப்பும் வினா, அது எந்த வயதில் முட்டையிடும் என்பதே. இவ்வினாவில் இருவேறு நிகழ்வுகள் ஒன்றாகக் கலந்துள்ளன. சினைப்பையில் முட்டை முதிர்வது ஒன்று. முதிர்ந்த முட்டை வெளிவருவது மற்றொன்று. முன்னது வளர்ச்சியையும் பருவத்தையும் சார்ந்தது. பின்னதற்குச் சூழலின் தூண்டுதல் தேவை.

தொட்டிக் கெளுத்திகளுள் புகழ்பெற்றது தென்னமெரிக்கக் கோரிடோரஸ். பீகிள் கப்பற் பயணத்தில் டார்வின் சேகரித்த மாதிரியைக் கொண்டு, அதன் ஓரினத்தை 1842இல் ஜெனின்ஸ் விவரித்தார். அவ்வினத்தை 1878இல் பாரிஸ் நகரில் கார்போன்னியே தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்வித்தார். முதிர்ந்த கோரிடோரஸ் முட்டையிடத் தயங்கினால், சற்றுக் குளிர்ந்த புதுநீரை ஊற்றுவது வளர்ப்போர் மரபு. அது தொட்டிக்குள் பெய்விக்கும் மழையே.

நம் தேளி மீன் அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு 1794இல் பிளாக் அதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். ஏறத்தாழ ஓராண்டில் தேளி முதிர்ச்சி எய்துகிறது. வட இந்தியாவில் பிப்ரவரி முதல் சினைப்பை வளரத் தொடங்கி, மே, ஜூன் மாதங்களில் நிறைகிறது; ஜூலை, ஆகஸ்டு மழையில் முட்டையிடுகிறது. அடைபட்ட நீரிலோ, முதிர்ந்த முட்டைகள் வெளிவராமல் உடலிலேயே சிதைந்து கரைந்துவிடுகின்றன. அங்கு வயது நிறைந்திருக்கிறது, மழைதான் இல்லை.

இத்தடையை நீக்கும் வழி பிட்யூட்டரி சுரப்பியில் இருந்தது. 1930களில் பிரேசிலில் வான் இயரிங் அச்சுரப்பியின் சாற்றைச் செலுத்தி மீன்களை முட்டையிடச் செய்தார். இந்தியாவில் எல். எஸ். ராமசுவாமியும் பி. ஐ. சுந்தரராஜும் தேளியில் இதை நிகழ்த்தி, 1956இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். பின்னர்த் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சுந்தரராஜ், நீர்வெப்பமும் பகற்பொழுதின் நீளமும் சினைப்பையை எவ்வாறு ஆள்கின்றன என்பதை அதே மீனில் ஆராய்ந்தார்.

1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌதுரியும் அலிகுஞ்ஞியும் பெருங்கெண்டைகளில் பெற்ற வெற்றியின் நினைவாகவே ஆண்டுதோறும் தேசிய மீன் வளர்ப்போர் நாள் கொண்டாடப்படுகிறது. அச்சிறப்பு தகுதியானதே. ஆயினும் அதற்கு முந்தைய ஆண்டிலேயே அச்சேறிய தேளி ஆய்வு பொது நினைவில் இடம்பெறவில்லை. பொருளாதார மதிப்பு மிக்க மீனே நினைவுநாளையும் பெற்றது என்பது அறிவியல் வரலாற்று மாணவர் கருதத்தக்கது.

இவ்வரலாறு ஆய்வகத்தோடு முடிவதன்று. கல்யாணை உள்ளிட்ட தாணே மாவட்டத்தில், முதல் மழைக்கு ஓடைகளிலும் வயல்களிலும் எதிரேறி வரும் சினைமீன்களை ‘வலகண்’ மீன் என்று கூறி விரும்பிப் பிடிக்கின்றனர். ஆண்டு முழுதும் முதிர்ந்து மழைக்காகக் காத்திருந்த மீன், முட்டையிடும் தறுவாயிலேயே பிடிபடுகிறது. எந்த வயதில் முட்டையிடும் என்று வினவும் நாம், அதற்கான வழியை விட்டுவைத்திருக்கிறோமா என்பதையும் வினவியாக வேண்டும்.