பேருந்துப் படியும் உரிமைப் போரும்

பேருந்தின் வாயிலில் இரண்டு மூன்று படிகள் உண்டு. நடக்க வல்லவர் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவருக்கோ அவை கடக்கவொண்ணாத மதிலாகும். அம்மதிலைத் தகர்க்க அமெரிக்க நாட்டின் உடற்குறையுடையோர் தொடுத்த போராட்டம், நகரப் பேருந்தில் தொடங்கித் தங்குவிடுதிகளின் வண்டிகள் வரை எட்டியது. அவ்வரலாறு அறியத்தக்கது.

1973ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு மறுவாழ்வுச் சட்டத்தை இயற்றியது. நடுவணரசின் பொருளுதவி பெறும் எத்திட்டத்திலும் உடற்குறை காரணமாக ஒருவரை விலக்குதல் கூடாது என அதன் 504ஆம் பிரிவு கூறிற்று. எனினும் அப்பிரிவைச் செயற்படுத்தும் விதிகள் நான்காண்டுகளாகக் கையொப்பமின்றிக் கிடந்தன. 1977 ஏப்ரலில் ஜூடித் ஹியூமன் முதலானோர் தலைமையில் உடற்குறையுடையோர் பலர் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள அரசு அலுவலகக் கட்டடத்துள் புகுந்து, மூன்று வாரங்களுக்கு மேல் அங்கேயே தங்கினர். அம்மாதம் 28ஆம் நாள் விதிகள் கையொப்பம் பெற்றன.

சட்டம் பிறந்தது, பேருந்தின் படிகள் மட்டும் தாழவில்லை. கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில், பாதிரியார் வேட் பிளாங்க் துணையுடன் உருவான அட்லாண்டிஸ் என்னும் அமைப்பினர் இதனைப் பொறுத்திருக்கவில்லை. 1978 ஜூலை 5ஆம் நாள் அவர்களுள் 19 பேர், கால்ஃபாக்ஸ் சாலையும் பிராட்வேயும் சந்திக்கும் இடத்தில் தம் நாற்காலிகளால் பேருந்துகளை மறித்தனர். இரவு முழுவதும் தெருவிலேயே கிடந்து, மறுநாளும் மறியலைத் தொடர்ந்தனர். ‘நாங்களும் ஏறுவோம்’ என்பதே அவ்வியக்கத்தின் முழக்கமாயிற்று. 1955ஆம் ஆண்டில் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையை விட்டெழ மறுத்த நிகழ்ச்சியோடு இதனை ஒப்பிடுவதுண்டு. அவர் உள்ளே அமரும் உரிமைக்காகப் போராடினார். இவர்களோ உள்ளே நுழையவே போராட வேண்டியிருந்தது.

1979இல் போக்குவரத்துத் துறை வகுத்த விதியை 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதாக்கியது. மனந்தளராத போராளிகள் 1983இல் ‘அடாப்ட்’ என்னும் நாடளாவிய இயக்கத்தை நிறுவி, பேருந்துக் கழகங்களின் மாநாடுகள் கூடிய நகரங்களுக்கெல்லாம் சென்று மறியல் செய்தனர். 1990 மார்ச்சு 12ஆம் நாள் போராளிகள் பலர் சக்கர நாற்காலிகளை விட்டிறங்கி, வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்தேறினர். அவ்வாண்டு ஜூலை 26ஆம் நாள் அதிபர் ஜார்ஜ் புஷ் ‘உடற்குறையுடைய அமெரிக்கர் சட்டத்தில்’ கையொப்பமிட்டார்.

அரசுப் பொருள் பெறாத தனியார் நிறுவனங்களையும் இச்சட்டம் கட்டுப்படுத்தியது. விமான நிலையத்திற்கும் தங்குவிடுதிக்கும் இடையே விருந்தினரை ஏற்றிச் செல்லும் வண்டிகள் இதனால் சட்டத்தின் வரம்பிற்குள் வந்தன. கட்டணமின்றி அளிக்கப்படும் உபசாரம்தானே எனத் தட்டிக்கழிக்க இனி வழியில்லை. 1991இல் வெளியான விதிகளின்படி, குறித்த தடத்தில் ஓடுவதற்காக வாங்கப்படும் புதிய வண்டி, ஓட்டுநர் உட்பட 16 பேருக்கு மேல் ஏற்றவல்லதாயின், அதில் தூக்குமேடையோ சாய்தளமோ இருத்தல் வேண்டும். சிறிய வண்டியையோ அழைப்பின் பேரில் செல்லும் வண்டியையோ அவ்வசதியின்றி வாங்கும் விடுதி, ஈடான சேவையை வேறு வகையில் அளித்தல் வேண்டும். காத்திருக்கும் நேரம், கட்டணம், செல்லும் இடம், சேவை நேரம் ஆகியவற்றில் பிற விருந்தினர்க்குக் கிடைப்பதே அவர்க்கும் கிடைத்தல் வேண்டும்.

மின்கலத்தால் ஓடும் மூன்று சக்கர ஸ்கூட்டரும் இவ்விதிகளில் சக்கர நாற்காலியாகவே கொள்ளப்பட்டது. தூக்குமேடை 600 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 272 கிலோகிராம் எடையைத் தாங்குதல் வேண்டும். ஸ்கூட்டரைச் செவ்வனே கட்டி நிறுத்த இயலவில்லை என்று கூறிப் பயணியை மறுத்தலாகாது. இருக்கைக்கு மாறுமாறு ஓட்டுநர் பரிந்துரைக்கலாம்; கட்டாயப்படுத்தலாகாது. தூக்குமேடையைப் பழுதின்றிப் பேணுவதும் விடுதியின் கடமையே.

நெடும்பயணம் முடித்து நள்ளிரவில் விமான நிலையத்தில் இறங்கும் ஒருவருக்கு இவ்விதிகளின் அருமை புரியும். உடன் வந்தோரெல்லாம் வண்டியேறிச் சென்றபின் தாம் மட்டும் தனித்து நிற்க நேருமோ என்னும் அச்சத்தை நீக்கவே அவை வகுக்கப்பட்டன. ஓட்டுநரின் கனிவு நல்லதே. ஆயினும் அது ஆளுக்கு ஆள் மாறுவது. கனிவை எதிர்நோக்கி நிற்க வேண்டாத நிலையைத்தான், டென்வர் நகரத் தெருவில் ஓர் இரவு முழுதும் கிடந்த அந்த 19 பேரும் வேண்டினர்.