ஒற்றியூரின் முல்லைக்கொடி

முல்லைத் திணையின் முப்பொருளையும் பிழையின்றி ஒப்புவித்த மாணவன் ஒருவனை, "முல்லைக்கொடியைக் கண்டிருக்கிறாயா?" என்று முன்னொரு நாள் வினவினேன். "பூவைச் சரத்தில் கண்டிருக்கிறேன், ஐயா, கொடியைக் கண்டதில்லை" என்றான். அவன் திருவொற்றியூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. அவ்வூரின் பழமையை அறிந்த எனக்கு அவ்விடை வருத்தம் தந்தது.

ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டினரான சுந்தரர், தம் திருமுல்லைவாயிற் பதிகத்தில், ஒற்றியூரைக் குளிர்ந்த சோலைகள் உடைய மாநகர் என்று போற்றுகிறார். அங்கு அவர் மணந்த சங்கிலியார், இறைவனுக்குப் பூமாலை தொடுக்கும் தொண்டு பூண்டவர் என்பது சேக்கிழார் வாக்கு. நாள்தோறும் மாலை தொடுக்கப் பூ வேண்டும். பூவுக்கு நந்தவனம் வேண்டும். நந்தவனத்துக்கு நீரும் நிழலும் வேண்டும். கோயில் நந்தவனங்களுக்கு நிலம் அளித்த செய்தியைச் சோழர் கல்வெட்டுகள் பல கூறுகின்றன. ஆதலின் பூந்தோட்டம் அக்காலத்தில் வெறும் அழகுப் பொருளன்று. ஊர் வாழ்வின் ஓர் உறுப்பாகும்.

திருமுல்லைவாயில், ஒற்றியூருக்கு மேற்கே, ஆவடிக்கு அருகில் உள்ளது. தொண்டைமானின் களிற்றை அங்கே முல்லைக்கொடிகள் சுற்றிப் பிணித்தன என்ற செய்தியும் அதே பதிகத்தில் உண்டு. கொடியை அவன் வாளால் வெட்டியபோது புதரினுள் சிவலிங்கம் வெளிப்பட்டது என்பது தலபுராணம். மாணவர்களே, இதனை நிகழ்ந்த வரலாறு என்று நிறுவுதல் அரிது. ஆயினும், யானையையே தடுக்கும் முல்லைப்புதர் என்று சொன்னால் மக்கள் ஏற்கும்படி அந்நிலம் பசுமையுற்றிருந்தது என்பதனை உய்த்துணரலாம். முல்லை என்பது அவ்வூர்ப் பெயரிலேயே நிலைத்துவிட்டதன்றோ!

காலம் மாறிற்று. 1856-இல் இராயபுரத்தில் புகைவண்டி நிலையம் திறக்கப்பட்டது. 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிற்று. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கிற்று. பல்லாயிரவர்க்குப் பிழைப்பளித்த இவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் சோலைகள் சுருங்கின, குளிர்ச்சியும் குறைந்தது.

அம்மாணவனுக்காகப் பள்ளியில் முல்லை நட்டோம். மேல்வெயில் படும் சுவரோரம் நட்ட முதற்கன்று கருகிப்போயிற்று. அது என் பிழை. இரண்டாவதைக் கிணற்றடியில், புன்னை மரத்தின் அரைநிழலில் நட்டு, வேரைச் சருகால் மூடினோம். முல்லையின் வேர் குளிர்ச்சியை நாடும். கொடியோ ஒளியைத் தேடி மேலேறும். அடுத்த கார்காலத்தில் அது அரும்பிற்று. அன்று பள்ளி விட்ட பின்னும் அவன் வீட்டுக்குச் செல்லவில்லை. பொழுது சாயச்சாய அரும்புகள் அவிழ்ந்தன. "முல்லைக்குச் சிறுபொழுது மாலை என்றது இதனால்தானா, ஐயா?" என்றான்.

ஆண்டுதோறும் அதனைக் கரும்பலகையில் எழுதி வந்தவன் நான். முல்லை மலர்வதை அருகிருந்து கண்டது எனக்கும் அன்றுதான் முதன்முறை.